வெளிநாட்டிலிருந்து வருவோர் முதலில் தங்க வேண்டியது சேலத்திலா, ஏற்காட்டிலா?

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பலர், சென்னையிலோ பெங்களூருவிலோ இறங்கியதும் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு நேராக ஏற்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். பயணிகளுக்கு இருந்த கொரோனா கட்டுப்பாடுகள் படிப்படியாக விலக்கப்பட்டுவிட்டன: விமானப் பயணிகள் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா என்ற உடல்நல அறிவிப்புப் படிவம் 2022 நவம்பரில் கைவிடப்பட்டது, விமான நிலையத்தில் 2 சதவீதப் பயணிகளுக்கு நடந்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. கிருமி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. முன்பு அரசு எடுத்த முடிவை இப்போது குடும்பமே எடுக்க வேண்டியிருப்பதால், முதல் ஐந்து நாள்களை எங்கே கழிப்பது என்பதை யோசித்தே ஆக வேண்டும்.

ஏற்காட்டின் பக்கம் உள்ள நியாயம் எளிதில் புரியக்கூடியது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே திறந்த வெளியில் நடமாடும்போது, சேலம் கடைவீதி நெரிசலைவிடத் தொற்றும் வாய்ப்பு குறைவு. ஆனால் மாலையில் பனிமூட்டம் இறங்கியதும் விடுதி அறைகளின் சன்னல்கள் அடைபடுகின்றன. ஒரே அறையில் தாத்தாவும் பேரனும் விமானத்தில் வந்தவரும் இரவு முழுவதும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். சேர்வராயன் கோயிலோ குகைக்குள் குனிந்து செல்ல வேண்டிய குறுகிய இடம். கோடை விழா நாள்களில் மலையில் நெரிசலுக்கும் குறைவில்லை.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே போனால் நலமாக இருப்பவருக்கே, விரலில் மாட்டி அந்த அளவைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டர் ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டக்கூடும். குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் அளவு இன்னும் தவறாக வரும். 94-க்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கும் நிலையில், 93 என்று காட்டும்போது அது உயரத்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று வீட்டிலிருப்பவர்களால் பிரித்தறிய முடியாது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயத்தை அழித்து, ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பிறகு எண் நிலைக்கும்வரை பார்ப்பது ஓரளவு உதவும். சேலத்திலேயே ஒருமுறை அளந்து குறித்துவைத்துக்கொண்டு மலையேறினால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவாவது கையில் இருக்கும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை தயங்க இடமில்லை. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருந்தாலும், மூச்சுத்திணறல் முற்றினால் சேலத்திலுள்ள மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கோ கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நள்ளிரவில் நோயாளியைக் கொண்டுவருவது அவருக்கும் ஓட்டுநருக்கும் சோதனைதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மண்சரிந்து மலைப்பாதைப் போக்குவரத்து தடைபட்டதையும் மறக்கக் கூடாது.

பரிசோதனை வசதியும் சேலத்தில்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் செய்துகொள்ளும் ஆன்டிஜென் பரிசோதனையில் தொற்று என்று வந்தால் அதை நம்பலாம். காய்ச்சலும் தொண்டை வலியும் இருக்கும்போது இல்லை என்று வந்தால் நம்பிவிடாமல் ஆர்.டி.பி.சி.ஆர். செய்துகொள்வது நல்லது. ஒமிக்ரான் வகைகளில் அறிகுறி பெரும்பாலும் மூன்று நாள் அளவில் வெளிப்படுவதால், ஐந்து நாள் காத்திருந்தால் வழியில் தொற்றியிருந்தாலும் அநேகமாகத் தெரிந்துவிடும்.

எனவே அறுபது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், இதயம் அல்லது நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் குடும்பத்தில் இருந்தால் முதலில் சேலத்திலேயே, காற்றோட்டமான தனி அறையில் வந்தவர் தங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. தடுப்பூசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் தாங்களாக மட்டும் மலைக்குச் செல்வதில் பெரிய ஆட்சேபம் இல்லை. அவர்களும் காய்ச்சல் கண்ட அன்றே, இருட்டுவதற்கு முன் கீழே இறங்கிவிட வேண்டும்.