சொந்தப் பஸ்ஸா, கிலோமீட்டர் கணக்கா?

சென்னையில் இப்போது இரண்டு விதமாகப் பேருந்துகள் ஓடுகின்றன. மாநகர் போக்குவரத்துக் கழகமே வாங்கி, தன் ஓட்டுநர், நடத்துநரை வைத்து ஓட்டுவது பழைய வழி. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகள் வேறு வழி: பஸ், ஓட்டுநர், பராமரிப்பு எல்லாம் ஒப்பந்த நிறுவனத்துடையது. நடத்துநரும் டிக்கெட் காசும் கழகத்துடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு நிறுவனத்துக்குப் பணம்.

பழைய முறையில் கட்டணத்தை 2018 ஜனவரியில் உயர்த்தியதோடு சரி. டீசலும் சம்பளமும் அதற்காகக் காத்திருக்குமா? கையில் காசு இல்லாதபோது முதலில் தள்ளிப்போவது புதுப் பஸ் வாங்குவதுதான். ஓட்டை உடைசலில் நனைந்தபடி போகிறவருக்கு இது தெரியும். புதிய முறையில் மொத்தமாக முதல் போட வேண்டாம், வண்டியும் புதிது. ஆனால் கூட்டம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கிலோமீட்டர் பில் வந்துகொண்டே இருக்கும். அரசு மானியத்தில் தாமதித்தால் அடி நேராகக் கழகத்துக்கு.

தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயம் என்கின்றன. ஓட்டுநர் வேலை வெளியே போவதால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் தடமும் கட்டணமும் அரசின் கையில் இருக்கும்வரை எனக்குப் புது முறைமேல் பெரிய பயமில்லை. ஒரு நிபந்தனை: நேரத்துக்கு வராத, பாதியில் நிற்கிற நடைகளுக்கு அபராதத்தைக் கறாராகப் பிடிக்க வேண்டும். பழைய பஸ்களைக் கழிக்கிற வேகத்தில்தான் புதியவை வந்தால், நிறுத்தத்தில் காத்திருப்பு அப்படியேதான்.