டிஸ்க் இல்லாத லேப்: எல்டிஎஸ்பி, பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

சர்வர் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கிளையன்ட் இருபது. இவற்றை நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்தே பூட் செய்யும் சாஃப்ட்வேர்தான் எல்டிஎஸ்பி (லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்). அது 2019-ல் புதிதாக எழுதப்பட்ட பிறகு அமைப்பு வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. சர்வரில் உள்ள லினக்ஸே ஒரு ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜாகி (சுருக்கிய, படிக்க மட்டும் முடிகிற ஒரே ஃபைல்) எல்லா மெஷினிலும் ஓடுகிறது. புரோகிராம்கள் கிளையன்டின் சொந்த பிராசஸரிலும் ரேமிலும்தான் ஓடும். அதனால் பிரவுசர் திறக்க வேண்டுமானால் கிளையன்டுக்கு 4 ஜிபி ரேம் வேண்டும். 2 ஜிபியில் நாலு டேப் திறந்ததுமே திணறும்.

ரவுட்டரின் டிஹெச்சிபியை (மெஷின்களுக்கு ஐபி முகவரி தரும் சேவை) தொட வேண்டாம். சர்வரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராம் பிராக்ஸி முறையில் பக்கத்தில் நின்று பூட் ஃபைலின் பெயரை மட்டும் சொல்லும். பழைய பயாஸ் மெஷினில் ‘பிஎக்ஸ்இ-இ53’ என்ற நெட்வொர்க் பூட் பிழை வந்தால் ஐபி கிடைத்துவிட்டது, பூட் ஃபைலின் பெயர் வரவில்லை என்று பொருள்: டிஎன்எஸ்மாஸ்க்கைப் பாருங்கள். ‘இ51’ என்றால் ஐபியே வரவில்லை: கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். மேனேஜ்டு சுவிட்சில் ஸ்பேனிங் ட்ரீ (கேபிள் சுற்று இருக்கிறதா என்று பார்க்கும் வசதி) ஓடினால் போர்ட் திறக்கவே 30 விநாடி ஆகும், அதற்குள் பூட் முயற்சி முடிந்துவிடும். கிளையன்ட் போர்ட்டுகளில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் சரியாகும்.

அதிகம் படுத்துவது சாஃப்ட்வேர் இல்லை, கிரிம்பிங்தான் (கேபிள் முனையில் பிளக் பொருத்துவது). கிகாபிட் ஓட எட்டு வயரும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒன்று விட்டால்கூட லிங்க் பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஒரு மெஷின் மட்டும் மெதுவானால் பரவாயில்லை. ஆனால் சுவிட்சில் ஃப்ளோ கன்ட்ரோல் (வேகத்தைக் குறைக்கச் சொல்லும் வசதி) இருந்தால், அந்த போர்ட்டின் பஃபர் நிரம்பியதும் சுவிட்ச் சர்வரையே ‘நிறுத்து’ என்கிறது. மற்ற பத்தொன்பதும் சேர்ந்து தவழ்கின்றன. சர்வரின் நெட்வொர்க் கார்டில் ஈத்டூல் என்ற கட்டளையை வைத்து, அந்த ‘நிறுத்து’க்குக் கட்டுப்படும் பாஸ் (pause) அமைப்பை அணைக்க வேண்டும். எந்த கிளையன்ட் 100-ல் நிற்கிறது என்றும் அதே ஈத்டூல் அந்தந்த மெஷினில் காட்டிவிடும்.

காலையில் இருபதையும் ஒரே நேரத்தில் போட்டால், சர்வரின் ஒரு கிகாபிட் போர்ட் தரும் விநாடிக்கு சுமார் 110 எம்பி இருபதாகப் பிரியும். ஆளுக்கு ஐந்தரை. வரிசை வரிசையாகப் போடுங்கள்.

புதிய பயனரைச் சேர்த்துவிட்டு, பயனர் பட்டியலை கிளையன்டின் பூட் ஃபைலில் சேர்க்கும் ‘எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி’ கட்டளையை ஓட்ட மறந்தால் அந்த ஆளை கிளையன்டுக்குத் தெரியாது. பாஸ்வேர்ட் சரி, லாகின் ஆகாது. (பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் இந்த வேலை தேவையில்லை, சரிபார்ப்பு எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வரிலேயே நடக்கிறது.) புதிய சாஃப்ட்வேர் போட்டால் இமேஜை மறுபடி உருவாக்கும் ‘எல்டிஎஸ்பி இமேஜ்’ கட்டளையை ஓட்ட வேண்டும். கிளையன்டுகள் ஓடும்போது அதையே இரண்டு முறை ஓட்டாதீர்கள். முதல் தடவை பழைய இமேஜ் பெயர் மாறி நிற்கும்; இரண்டாவது தடவை அதுவும் போய்விடும், ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று திரைகள் உறையும். மாலையில் எல்லாவற்றையும் அணைத்த பிறகு செய்வதே வசதி.

கிளையன்டில் எழுதுவது எல்லாம், ஹோம் தவிர, ரேமில்தான் போகிறது. கரண்ட் போனாலும் ஃபைல் சிஸ்டம் கெடாது. இந்த அமைப்பின் பெரிய லாபமே அதுதான். ஆனால் யுபிஎஸ்ஸில் சர்வரையும் கிளையன்டுகளையும் மாட்டிவிட்டு சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். சுவிட்ச் அணைந்தால் எல்லாத் திரையும் அப்படியே நிற்கும், மவுஸ் மட்டும் நகரும். பதறி ரீசெட் அழுத்தாமல் சுவிட்சுக்கு முதலில் கரண்ட் கொடுத்தால், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.