வில்லுப்பாட்டுக் குழு: கொடுத்த காசுக்கு மேலேயே

படித்த கல்லூரியின் கபடி அணிக்கு மேட் வாங்கித் தரலாம், அதற்கு ஒரு நிகழ்ச்சி வைத்துப் பணம் திரட்டலாம் என்று பழைய மாணவர்கள் நாங்கள் கிளம்பியபோது, முதலில் பேசியது ஒரு மெல்லிசைக் குழுவிடம். அவர்கள் கேட்ட தொகைக்குப் பாதி மேட்டே வாங்கிவிடலாம். அப்புறம்தான் நாங்குநேரிப் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவைப் பிடித்தோம். ஐந்து பேர், 18,000 ரூபாய், வேன் வாடகை தனி. கோயில் கொடைத் திருவிழா நேரத்தில் இந்தத் தொகைக்கு வந்திருக்க மாட்டார்கள். நாங்கள் கூப்பிட்டது மாசியில்.

மேட் எதற்கு என்று என் அப்பாவே கேட்டார். நாங்கள் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடியவர்கள். 2014-இல் புரோ கபடி வந்த பிறகு பெரிய போட்டி என்றாலே மேட், ஷூ என்றாகிவிட்டது. மண்ணில் மட்டும் பழகிய பையன் அங்கே போய்த் திரும்பினால் கால் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், உடம்புதான் திரும்பும். முழங்கால் போய்விடும். ஆண்கள் ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர். மீட்டர் சதுரத் துண்டுகளாகக் கோத்தால் 130 துண்டு. துண்டுக்கு 1,500 என்று வைத்து, ஆளுக்கு ஒன்று கேட்பதாகத் திட்டம்.

இதை போனில் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பம் முத்துப்பட்டன் கதைதான் சரி" என்றார். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

மேடையில் குடத்தோடு சேர்த்து வில்லைக் கட்டுவதைப் பார்க்கவே பையன்கள் கூடிவிட்டார்கள். மைக் செட்காரர் (நாங்கள் அமர்த்தியவர், குழுவோடு சம்பந்தமில்லை) பாடுபவருக்கு மட்டும் மைக் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதல் அரை மணி நேரம் குடம் அடிப்பவரின் கை அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. அவரே எழுந்து ஒரு மைக்கை இழுத்துக் குடத்தின் வாய்க்கு நேரே சாய்த்தார். மட்டை விழுந்ததும் 'கும்' என்று ஒன்று கிளம்பியது பாருங்கள், பின்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் ஆசைப்பட்ட பிராமணப் பையன் முத்துப்பட்டன். பெண் கேட்டுப் போனால், குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைத்துக் காட்டச் சொல்கிறார் பெண்களின் தகப்பன் வாலப்பகடை. பட்டன் தைத்து முடித்த இடத்தில் அண்ணாவி வில்லைத் தட்டும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார். "பட்டன் செருப்புத் தச்சாச்சு மக்கா. நம்ம பிள்ளையளுக்குக் காலுக்கடியில என்ன இருக்கு? துண்டு ஒண்ணு ஆயிரத்தி ஐந்நூறு. வாங்குதீயளா?" சொரிமுத்தையனார் கோயிலில் இதே பட்டனைப் பட்டவராயன் என்று கும்பிட்டுச் செருப்புக் காணிக்கை போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? ஒருவர் பெயர் சொன்னால் அதைப் பாட்டில் சேர்த்துப் பாட, மற்ற நால்வரும் 'ஆமா' போட, அடுத்தவர் எழுந்தார். நோட்டில் எழுதிய எனக்குக் கை வலித்தது. அன்றிரவே 83 துண்டு.

குறையும் உண்டு. மாமியார் மருமகள் நகைச்சுவை என்று நடுவில் இழுத்ததெல்லாம் பழசு, முன்வரிசைப் பெண்பிள்ளைகள் சிரிக்கவில்லை. வசூலில் நேரம் போனதால், ஆநிரை மீட்கப் போய்ப் பட்டன் சாகிற இடத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதைக் கேட்கத்தான் என் அம்மா வந்திருந்தாள். இன்னும் திட்டுகிறாள்.

கூப்பிட நினைப்பவர்களுக்கு: பங்குனி பிறப்பதற்குள் பேசிவிடுங்கள். குடத்துக்குத் தனி மைக் என்று செட்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டைப் பாட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள், அண்ணாவி தொடமாட்டார். சுக்குக் காப்பி மட்டும் பிளாஸ்க்கில் பக்கத்திலேயே இருக்கட்டும்.