பிளஸ் டூ பிரெஞ்சா, டெல்ஃப் தேர்வா?

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது: மேல்நிலையில் பகுதி ஒன்று எனும் மொழிப் பாடத்துக்குத் தமிழையே தொடர்வதா, பிரெஞ்சுக்கு மாறுவதா? 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், பிளஸ் ஒன்னில் இந்தத் தெரிவு மாணவர் கையில் இருக்கிறது. "பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம்" என்பதே மாறுவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம்.

அந்தக் காரணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு பள்ளிக்கு வெளியே எழுதும் டெல்ஃப் எனும் பிரெஞ்சு மொழித் தேர்வோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200 என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று பிரிக்கப்படுகிறது. மருத்துவத்துக்கோ நீட் தேர்வு. மொழிப் பாடத்தின் மதிப்பெண் இவ்விரண்டிலும் சேராது. ஆகவே, இந்தப் படிப்புகளைக் குறிவைக்கும் பிள்ளைக்கு, பிரெஞ்சில் கூடுதலாகக் கிடைக்கும் ஐந்தாறு மதிப்பெண்கள் 600க்கான கூட்டுத்தொகையை அழகுபடுத்துவதைத் தவிர வேறெதற்கும் உதவப்போவதில்லை.

மொழி என்ற அளவில் பார்த்தால், பிளஸ் டூ பிரெஞ்சுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. இரண்டு ஆண்டுகள் பள்ளி நேரத்திலேயே, பெரும்பாலும் தனிக் கட்டணமின்றி, வினைச்சொல் திரிபும் பால் வேறுபாடும் அடித்தளமாக அமைந்துவிடுகின்றன. ஆனால் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 10 அக மதிப்பீட்டுக்கும் போய்விட, காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கோ வாய் திறந்து பேசுவதற்கோ தனித் தாள் கிடையாது. நூற்றுக்கு நெருங்கி வாங்கிய மாணவரும் ஒரு பிரெஞ்சுக்காரர் முன் தயங்கி நிற்பதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

பிரான்சின் கல்வி அமைச்சகம் வழங்கும் டெல்ஃப் சான்றிதழ் இதற்கு நேர் எதிரான அமைப்புடையது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், எந்தத் திறனிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறும் நிலைகளில் உயர்ந்ததான பி2வில் சில ஒலிப்பதிவுகள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். எழுத்துப் பகுதியில் ஒரு மணி நேரத்துக்குள் 250 சொற்களில் ஒரு நிலைப்பாட்டை வாதிட்டு எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில் குலுக்கி எடுக்கும் இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அரை மணி நேரம் குறிப்பெடுத்து, பிறகு 20 நிமிடங்களில் தன் நிலைப்பாட்டை எடுத்துரைத்து, தேர்வாளர்களின் மறுகேள்விகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இங்கே மனப்பாடம் கைகொடுக்காது. பி2 பெற்றவரிடம் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வேறு மொழித் தேர்வு கேட்பதில்லை. சான்றிதழுக்குக் காலாவதியும் இல்லை. கனடாவில் குடியேறுவதற்காக எழுதப்படும் டெஃப், டிசிஎஃப் எனும் பிரெஞ்சுத் தேர்வுகளின் முடிவுகள் இரண்டே ஆண்டுகள் செல்லும் என்பதால், அவற்றைப் பள்ளி வயதில் எழுதுவது வீண் செலவு.

கோவையின் சில சர்வதேசப் பள்ளிகளில் ஐபி, ஏ லெவல் எனும் வெளிநாட்டுப் பாடத்திட்ட வழிகளும் உண்டு. ஐபி உயர்நிலை பிரெஞ்சில் இரண்டு இலக்கியப் படைப்புகளைப் படித்து, அவற்றின் பகுதியொன்றை வைத்துப் பேச வேண்டியிருப்பதால் தரம் உயர்வானதே. கட்டணம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

என் கருத்து வெளிப்படையானது: பிரெஞ்சை உண்மையாகவே கற்க விரும்பும் பிள்ளை, தமிழைப் பகுதி ஒன்றாக வைத்துக்கொண்டு டெல்ஃபுக்குத் தனியே படிப்பதே சிறந்தது. தொடக்கத்திலிருந்து பி2 வரை ஏறத்தாழ 600 மணி நேரப் படிப்பு தேவைப்படும் என்பதால், பிளஸ் டூ முடிவதற்குள் பி1 என்பதே நியாயமான இலக்கு. பி2வைக் கல்லூரி முதலாண்டுக்கு ஒதுக்கலாம். ஏற்கெனவே பிரெஞ்சை எடுத்துவிட்டவர்கள் வருந்த வேண்டியதில்லை. பள்ளி தரும் இலக்கணத்தோடு, பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைத் தினமும் பத்து நிமிடம் கேட்டு, கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லிப் பழகினால், பள்ளித் தேர்வு தொடாத அந்த இரு திறன்களும் இப்போதே வளரத் தொடங்கும்.