ஊறுகாய்க்கு எது, பீங்கான் ஜாடியா கண்ணாடி பாட்டிலா? மூடியைப் பார்த்து முடிவு செய்தேன்

மாசி மாதம் வீடு மாறும்போது எங்கள் ஊறுகாய் ஜாடி உடைந்துவிட்டது. ஐந்து லிட்டர் பிடிக்கும். மேல்பாதி தேன் நிறப் பழுப்பு, கீழ்ப்பாதி பால் வெள்ளை. என் மாமியார் கல்யாணமாகி வந்த வருடம் வாங்கியது. பழைய வீட்டுப் படியில் இறக்கும்போது கோணி நழுவி, அடிப்பக்கம் மூன்றாகப் பிளந்தது. மூடியை மட்டும் தனியாகப் பழம்புடவையில் சுற்றி என் பையில் வைத்திருந்ததால் அது தப்பியது. பங்குனி பிறந்தால் திருச்சி மார்க்கெட்டுக்கு மாவடு வந்துவிடும். அதற்குள் ஒரு பாத்திரம் வாங்கியாக வேண்டும்.

மகள் கண்ணாடி பாட்டில் என்றாள். வீட்டுக்காரர், பிளாஸ்டிக் டப்பா இலேசாக இருக்குமே, இனி உடையாதே என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஜாடி உடைந்த வருத்தம் அவருக்கு. நான் ஜாடி வாங்குவது என்றுதான் மனதில் வைத்திருந்தேன். ஆனாலும் பழக்கத்துக்காக மட்டும் எழுநூறு ரூபாய் செலவழிக்கிறோமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் இந்த வருடம் ஆறு கிலோ வடு வாங்கி, மூன்று கிலோவைப் புது ஜாடியிலும், மூன்று கிலோவைத் தங்கை வீட்டிலிருந்து வாங்கி வந்த ஐந்து லிட்டர் கண்ணாடி பாட்டிலிலும் போட்டேன். ஒரே உப்பு, ஒரே கடுகுத்தூள், ஒரே நாள், ஒரே அலமாரி.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளும் மிளகாயும் ஏறிய டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் அந்த வாசனை போகாது. அடுத்த வருடம் அதில் எலுமிச்சை போட்டால் ஆவக்காய் மணக்கும். உப்பும் புளிப்பும் எண்ணெயும் ஒரு வருடம் முழுக்க ஊறுகிற இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எவர்சில்வரும் வேண்டாம். உப்புத் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றால் நல்ல எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழும். எங்கள் வீட்டு உப்பு டப்பாவின் அடியில் விரலால் தடவினாலே தெரிகிறது.

ஆக, போட்டி ஜாடிக்கும் கண்ணாடிக்கும்தான். இதில் ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பாத்திரத்தின் சுவரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஜாடியின் மேலிருக்கும் பளபளப்பான மெருகும் ஒரு வகைக் கண்ணாடியே. சூளைச் சூட்டில் உருகி மண்ணின் மேல் படிந்தது. உப்பும் புளிப்பும் இரண்டையும் ஒன்றும் செய்வதில்லை, வாசனையும் ஒட்டுவதில்லை. கண்ணாடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். அது பெரிய வசதி. ஆனால் வெளிச்சமும் உள்ளே போகும். வெளிச்சம் பட்டால் மிளகாயின் சிவப்பு வெளுக்கும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கதவு போட்ட அலமாரியில் வைத்தால் அதுவும் பிரச்சினை இல்லை. சுவர் விஷயத்தில் யாருக்கும் வெற்றி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

விஷயமெல்லாம் மூடியில்தான் இருக்கிறது.

வடு போட்டவர்களுக்குத் தெரியும். காம்பு கொஞ்சம் விட்டு நறுக்கிய வடுவில் விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சள்தூளும் கடுகு, மிளகாய்ப் பொடியும் போட்டு வைத்தால் மறுநாளே தண்ணீர் விட ஆரம்பிக்கும். நான் கிலோவுக்கு 150 கிராம் கல்லுப்பு போடுகிறேன். தினம் இரண்டு வேளை குலுக்கிவிட வேண்டும். வடு சுருங்கச் சுருங்கத் தண்ணீர் மேலே ஏறும். இந்த முதல் பத்து நாளில் இலேசாகப் புளிக்கவும் செய்யும். புளிக்கும்போது வாயு வரும். ஜாடியில் அது பாட்டுக்கு வெளியேறிவிடுகிறது. ஏனென்றால் அதன் மூடி திருகுமூடி இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பது. கண்ணாடி பாட்டிலை இறுக்கி மூடி வைத்திருந்தேன். நான்காம் நாள் காலையில் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்து, உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக வழிந்து அலமாரித் தட்டெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மூடியைத் தளர்த்தி வைத்தேன். தளர்த்தினால் திருகுமூடி என்று எதற்கு?

வாயு பத்து நாளில் அடங்கிவிடும். வருடம் பூராவும் இருப்பது இன்னொரு தொல்லை: வியர்ப்பது. பகலில் சமையலறை சூடாக இருக்கும்போது ஊறுகாயிலிருந்து ஈரம் ஆவியாகிப் பாட்டிலின் மேல்பகுதியில் நிற்கும். ராத்திரி குளிர்ந்ததும் அது மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகச் சேரும். அந்தத் துளி கனத்துத் திரும்ப ஊறுகாயின் மேலே விழும். உப்பில்லாத சுத்தத் தண்ணீர் அது. மேலே தெரிகிற காயின் மேல் விழுந்தால் அந்த இடத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. இருபதாம் நாள் கண்ணாடி பாட்டிலைத் திறந்து மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒன்பது பத்துத் துளி. நேர் கீழே, தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த இரண்டு வடுவின் முதுகில் மட்டும் வெள்ளையாக, மோரில் ஏடு படிந்தது மாதிரி, பூசணம் ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் இருந்த மற்றவையெல்லாம் சுத்தம்.

அன்றே ஜாடியையும் திறந்தேன். வெள்ளை மல் துணியால் வேடு கட்டி அதன்மேல் மூடியைக் கவிழ்த்திருந்தேன். துணியின் நடுப்பகுதி கைக்குச் சில்லென்று இருந்தது. ஏறிய ஈரத்தைத் துணி குடித்துக்கொண்டது, திரும்பச் சொட்டவில்லை. உள்ளே மேலே நின்ற வடுவிலும் ஒன்றும் இல்லை. துணியை அவிழ்த்து வெயிலில் போட்டு வேறு துணியைக் கட்டினேன். அத்தை எத்தனையோ வருடமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்துவந்தது இதைத்தான். வேடு கட்டுவது எறும்புக்காக என்றே நான் நினைத்திருந்தேன்.

மூடி எதனால் ஆனது என்பதும் முக்கியம். கண்ணாடி பாட்டிலுக்கு வருவது தகர மூடி அல்லது பிளாஸ்டிக் மூடி. தகரத்தின் உட்பக்கம் பூச்சு இருக்கும். திருகித் திருகி விளிம்பில் பூச்சு கீறியதும் உப்பும் புளிப்பும் அங்கே வேலையைக் காட்டிவிடும். தங்கை வீட்டுப் பாட்டிலின் சின்ன ஜோடி ஒன்றில், மூடியின் மரையைச் சுற்றி துரு செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. அது உதிர்ந்தால் உள்ளேதான் விழ வேண்டும். பிளாஸ்டிக் மூடியில் துரு இல்லை. ஆனால் மரையில் எண்ணெய் ஏறிப் பிசுக்குப் பிடிக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையோ ஸ்பாஞ்சோ வாசனையை விடுவதில்லை. அதைக் கழற்றிக் காயவைக்கவும் முடியாது. பாட்டில் இருபது வருடம் இருக்கும், அதன் மூடி மூன்று வருடம் தாங்கினால் அதிகம். அதே அளவு மூடி தனியாகக் கேட்டால் கடையில் கிடைப்பதில்லை. ஜாடியின் மூடியோ ஜாடி செய்த அதே மண், அதே மெருகு. கழுவி வெயிலில் கவிழ்த்தால் அரை மணியில் புதிது. தேய்ந்துபோவது துணி ஒன்றுதான். அது பழைய வேட்டியில் கிழித்தது.

கடல் பயணத்துக்கு ஊறுகாய் கொண்டுபோகிறவர்களும் இப்படிப்பட்ட ஜாடிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். வடக்கே ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்று பெயர். பர்மாவில் அந்தப் பெயரில் ஒரு துறைமுகம் இருந்தது; இன்று அதை மொட்டமா என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கடல்களில் பயணம் செய்த இப்னு பதூதா, தனக்கு வந்த பரிசுப் பொருட்களைச் சொல்லும்போது இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிட்டு நிரப்பிய நான்கு மர்த்தபான்களைக் குறிப்பிடுகிறார்.

சரி, ஜாடியின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது கனம். நிரப்பிய ஐந்து லிட்டர் ஜாடியை அத்தையால் இப்போது தூக்க முடியாது; தரையோடு ஒட்டிய தட்டில்தான் வைக்கிறேன். இரண்டாவது, உடையும் என்பது. கண்ணாடியும் உடையும்தான். ஆனால் ஜாடி விளிம்பில் சில்லு பெயர்ந்தாலும் அதை ஊறுகாய்க்கு வைக்க யோசிக்க வேண்டும்; மெருகு போன இடத்தில் உள்ளே இருப்பது வெறும் மண். மூன்றாவது, மழைக்காலம். காற்றில் ஈரம் ஏறினால் துணி வெளியிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நான் வாரம் ஒருமுறை வேடு மாற்றுவேன். ஆவக்காய்க்கு மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். நான் இருப்பது திருச்சியில், வெயிலுக்குக் குறைவில்லாத ஊர். கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கலாம்.

உப்பைக் குறைத்து ஊறுகாய் போடுகிறவர்களுக்கு நான் ஜாடியைச் சொல்ல மாட்டேன். உப்பு குறைந்தால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அங்கே ஜாடி இடத்தை அடைக்கும். சின்னக் கண்ணாடி பாட்டில்தான் சரி. இரத்த அழுத்தத்துக்காக அத்தைக்கென்று தனியாகப் போடும் எலுமிச்சை கண்ணாடியில்தான் இருக்கிறது. ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்து மூடும் கண்ணாடி ஜாடி ஒன்றும் வீட்டில் உண்டு. மூடியும் கண்ணாடி என்பதால் துருப் பேச்சே இல்லை. ஆறு மாதமாகத்தான் அதில் நார்த்தங்காய் வைத்திருக்கிறேன். ரப்பர் இதுவரை நன்றாகவே இருக்கிறது. அடுத்த கோடையைத் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஜாடிதான் என்று முடிவு செய்தால், வாங்கும்போது பார்க்க வேண்டியதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா போன்ற பீங்கான் ஊர்களிலிருந்து வரும் சரக்கு நம் ஊர் நடைபாதைக் கடைகளிலேயே கிடைக்கிறது. பெயரை விடத் தட்டிப் பார்ப்பதுதான் பேசும். நான் வாங்கிய இடத்தில் இருந்த தம்பி, "விரல் கணுவால தட்டுங்கக்கா, ணங்னு கேக்கணும்" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். ஐந்தில் ஒன்று டொக்கென்றது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். அப்படி ஒரு கோடு இருந்தால் அதற்குள் எண்ணெய் இறங்கிக் கறுத்து, பிறகு எத்தனை கழுவினாலும் சிக்கு வாடை வரும்.

அடுத்து உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். மெருகு விட்டுப்போன சொரசொரப்பு இருந்தால் வேண்டாம். ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் மெருகு போடாத வளையம் ஒன்று தெரியும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். நன்றாக வெந்த மண்ணில் சொட்டு அப்படியே நிற்கும். பட்டதும் உறிஞ்சிக்கொண்டால் சூளையில் சூடு போதவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி, பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. பூ வேலையும் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சும் போட்ட அலங்கார ஜாடிகள் பார்க்க அழகு. ஆனால் குறைந்த சூட்டில் சுட்ட சில மெருகுகளில் காரீயம் இருக்கும். புளிப்புப் பட்டால் அது உணவில் இறங்கும். ஊறுகாயை விடப் புளிப்பானது சமையலறையில் வேறென்ன இருக்கிறது? 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும் கல்பீங்கானுக்குக் காரீயம் தேவைப்படுவதில்லை. அதனால் அந்த வகையில், பழைய மாதிரி பழுப்பும் வெள்ளையுமான ஜாடியே வாங்கினேன். அலங்கார ஜாடியில் மணி பிளான்ட் வளர்க்கலாம், வடு வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீரை ஜாடியில் ஊற்றாதீர்கள். தொக்கு கிளறினால் முழுக்க ஆறவிட்டு மாற்றுங்கள். திடீர்ச் சூடு ஜாடிக்கும் ஆகாது, கண்ணாடிக்கும் ஆகாது.

செலவு என்று பார்த்தால், ஐந்து லிட்டர் ஜாடிக்கு நான் கொடுத்தது எழுநூறு. அதே அளவு கண்ணாடி பாட்டில் ஐந்நூறுக்குக் கிடைத்திருக்கும். இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்குத் துருப்பிடிக்காத, வியர்க்காத ஒரு மூடி. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஐந்து லிட்டர் தேவையில்லை. ஒரு லிட்டர் ஜாடியே வருடத்துக்குப் போதும், கனமும் இருக்காது.

பூசணம் பிடித்த இரண்டு வடுவையும் எடுத்துப்போட்டுவிட்டு, கண்ணாடி பாட்டிலில் மீதி இருந்தவை நன்றாக இருப்பதைப் பார்த்து, திருகுமூடியை எடுத்துவிட்டு வேடு கட்டினேன். அதன்மேல் அத்தையின் பழைய ஜாடி மூடியைக் கவிழ்த்தேன். வாய்க்குக் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் நன்றாக உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதம் ஆகிறது, அந்தப் பாட்டிலிலும் பிறகு பூசணம் வரவில்லை.