பூக்கிழங்குச் சோதனை: குளிரா, வெளிச்சமா?

பூக்கிழங்கின் வளர்ச்சியை வெப்பநிலை எப்படி மாற்றுகிறது, வெளிச்சம் எப்படி மாற்றுகிறது என்ற இரண்டில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் ஓட்டு வெப்பநிலைக்குத்தான். காரணம் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. நடும் பருவத்தில் துலிப் கிழங்கு ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், இலைகளும் மொட்டும் சிறிய அளவில் உருவாகியிருப்பது தெரியும். சுற்றியுள்ள தடித்த செதில்களில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். அந்தப் பருவத்துப் பூவுக்கான உணவு பெரும்பாலும் கையிருப்பில் இருப்பதால், வெளிச்சம் குறைந்தாலும் முளை கிளம்பிவிடும்.

குளிர் கிடைக்காவிட்டால் கதையே வேறு. துலிப்புக்கு 2 முதல் 9 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் தேவை. அந்தக் காலத்தில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. தண்டு நீளும் திறனும் வருகிறது. குளிர் காணாத கிழங்கில் தண்டு குட்டையாக நின்றுவிடும், மொட்டு இலைகளுக்கிடையிலேயே காய்ந்துபோகலாம். அளவுகோல் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குள் குளிர் மட்டுமல்ல, இருட்டும் இருக்கிறது. ஒரு தொகுதியை ஃபிரிட்ஜிலும் மற்றொன்றை வெளிச்சமான மேசையிலும் வைத்தால் இரண்டு காரணிகள் ஒன்றாக மாறிவிடுகின்றன. அறை வெப்பநிலையில் இருக்கும் தொகுதியையும் மூடிய பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். ஃபிரிட்ஜில் ஆப்பிள் போன்ற பழங்களும் இருக்கக் கூடாது. அவை வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும், பழி குளிரின் மேல் விழும்.

வெளிச்சச் சோதனை சில வாரங்களிலேயே முடிவு காட்டும். ஆனால் அந்த முடிவு எளிதில் ஏமாற்றும். இருட்டில் முளைத்த செடி வெளுத்து, மெலிந்து, உயரமாக நிற்கும். உயரத்தை மட்டும் அளந்தால் இருட்டுதான் வளர்ச்சிக்கு நல்லது என்று எழுத வேண்டிவரும்! இலையின் நிறத்தையும் தண்டின் தடிமனையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். வெளிச்சத்தின் முழுப் பலனை அறிய, இலைகள் காய்ந்த பிறகு கிழங்கை எடுத்து எடை போட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேமித்துத் தருவது அந்த இலைகள்தான். இந்தச் சோதனைக்குத் துலிப்பைவிட, குளிர் தேவைப்படாத அமரில்லிஸ் கிழங்கு பொருத்தமானது. இழை விளக்கு (பழைய குண்டு பல்பு) வேண்டாம், அதன் சூடு தொட்டியின் வெப்பநிலையை ஏற்றிவிடும்; எல்இடி விளக்குடன் ஒவ்வொரு தொட்டிக்கு அருகிலும் ஒரு வெப்பமானி இருக்கட்டும்.

எல்லாக் கிழங்குக்கும் என் ஓட்டு செல்லாது. டச்சு ஐரிஸ் வெளிச்சக் குறைவில் மொட்டைக் கருகவிட்டுவிடும். ஈஸ்டர் லில்லியில் நீண்ட பகல் வெளிச்சம் குளிரின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுகிறது. அதைச் சோதிப்பவர் ஒரே அளவுக் கிழங்குகளை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கலாம்: குளிரும் நீண்ட பகலும், குளிர் மட்டும், நீண்ட பகல் மட்டும், இரண்டும் இல்லாதது.