ஈசிஜியை ஏஐ கிட்ட நேரா குடுக்கறதா, புரோகிராம் கோடு எழுத வைக்கறதா?

பிசியோநெட்ங்கற மருத்துவ டேட்டா தளத்துல கிடைக்கிற எம்ஐடி-பிஐஹெச் அரித்மியா (இதயத் துடிப்புக் கோளாறு) ஈசிஜி டேட்டால ஆர் பீக் (ஒவ்வொரு துடிப்புலயும் வர்ற கூர் முனை) எடுக்க ரெண்டு வழியையும் ஓட்டிப் பாத்துட்டு, கோடு எழுத வைக்கிற பக்கமே போயிட்டேன்.

சிக்னலை நம்பரா சாட்ல ஒட்டறது எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சதுதான். 360 ஹெர்ட்ஸ்ல 10 செகண்டுக்கே ஒரு சேனலுக்கு 3600 நம்பர், அரை மணி ரெக்கார்டுன்னா ஆறு லட்சத்தைத் தாண்டும். கிராஃபை படமா குடுத்தா ரிதம் பத்தி நல்லாவே பேசும், ஆனா ஆர்ஆர் இடைவெளி (அடுத்தடுத்த ரெண்டு ஆர் பீக்குக்கு நடுவுல உள்ள நேரம்) எத்தனை மில்லிசெகண்டுன்னு கேட்டா குத்துமதிப்பா ஒண்ணை அடிச்சு விடும்.

எனக்கு முடிவு பண்ணின விஷயம் வேற: தப்பு வந்தா எங்க வந்துச்சுன்னு தேட முடியுதா? நேரா கேட்டா அதே ஸ்ட்ரிப்புக்கே ரெண்டு தடவை ரெண்டு பதில் வரலாம், மாடல் வெர்ஷன் மாறினா அதுவும் போச்சு, எதைன்னு போய் திருத்தறது? ஸ்கிரிப்ட்னா வரி வரியா பாக்கலாம். ஆர் பீக் கண்டுபிடிக்கிற பான்-டாம்ப்கின்ஸ் அல்காரிதத்தை எழுதச் சொன்னப்ப மாடல் இன்டக்ரேஷன் விண்டோவை (ஒரு தடவைக்கு எவ்வளவு சிக்னலைச் சேத்து சராசரி எடுக்கணும்ங்கற அகலம்) 30 சாம்பிள்னு போட்டுக் குடுத்துச்சு. அது இந்த அல்காரிதம் வந்த 1985 பேப்பர்ல இருக்கிற நம்பர்தான், ஆனா அங்க சாம்பிளிங் 200 ஹெர்ட்ஸ், அதனால 150 மில்லிசெகண்ட் கணக்கு சரியா வரும், 360 ஹெர்ட்ஸ்ல அதே 30 வெறும் 83 மில்லிசெகண்ட்தான். எரர் எதுவும் வராது, ஜம்முனு ஓடும், ஆனா விண்டோ குறுகினா பிவிசி (கீழறையில முன்கூட்டியே கிளம்பற துடிப்பு) மாதிரி அகலமான பீட்ல ஒரு க்யூஆர்எஸ்ஸுக்கே (ஆர் பீக் இருக்கிற அலைத் தொகுப்பு) ரெண்டு மூணு பீக் கிளம்பலாம். 54-ன்னு மாத்தறதை விட 0.15-ஐ சாம்பிளிங் ரேட்டால பெருக்குன்னு எழுதிட்டா அடுத்த டேட்டாசெட்டுக்கும் ஆச்சு. ஒவ்வொரு திருத்தத்துக்கு அப்புறமும் 48 ரெக்கார்டையும் ஓட்டி, கார்டியாலஜிஸ்டுங்க குறிச்சு வச்ச பீட்டுங்களோட ஒப்பிட்டுடலாம், ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு. பேஷன்ட் டேட்டா நம்ம மெஷினை விட்டு வெளிய போகாதுங்கறது உபரி லாபம்.

கோடு படிக்கவே வராதுன்னா இந்த வழி ஆபத்துதான், அந்த 30 கண்ணுக்கே தெரியாது. ரிசல்ட்டை ரிப்போர்ட்டா எழுத வைக்கறதுக்கு நானும் நேரா சாட்டைத்தான் நம்பறேன். இஇஜி (மூளை சிக்னல்) பக்கம் அதிகம் கை வச்சதில்ல, அங்கயும் இதே கதைதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் முதல்ல ரெக்கார்டு 108-ல ஓட்டுங்க. அதுல பி அலையெல்லாம் (ஆர் பீக்குக்கு முன்னாடி வர்ற, வழக்கமா சின்னதா இருக்கிற மேடு) உயரமா கூரா நிக்கும், அதையும் ஆர்னு எண்ணிச்சுன்னா த்ரெஷோல்ட் (எந்த அளவுக்கு மேல போனா பீக்னு எடுக்கணும்ங்கற வரம்பு) எழுதின வரியை மறுபடி பாருங்க.